40 சதவீதத்துக்குத் தோல்வி, 34 சதவீதத்துக்கு அமோக வெற்றி: பிரிட்டன் தேர்தல் கணக்கு நியாயமானதா?

முதலில் இரண்டு தேர்தல் முடிவுகளைப் பார்த்துவிடலாம்.

2017 ஜூன். ஜெரமி கோர்பின் தலைமையில் போட்டியிட்ட தொழிலாளர் கட்சி 40 சதவீத வாக்குகளை வாங்கியது. கிடைத்த இடங்கள் 262. எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது.

2024 ஜூலை. கியர் ஸ்டார்மர் தலைமையில் அதே தொழிலாளர் கட்சி வாங்கியது 33.7 சதவீதம். கிடைத்த இடங்கள் 411. பிரம்மாண்ட பெரும்பான்மையோடு ஆட்சியைப் பிடித்தது.

இரண்டு தேர்தல்களுக்கும் இடையே அந்தக் கட்சி 31 லட்சம் வாக்குகளுக்கு மேல் இழந்திருக்கிறது. ஆனால் இடங்கள் மட்டும் 149 கூடியிருக்கின்றன! கள்ள ஓட்டு, இயந்திரக் கோளாறு என்று எந்தப் புகாரும் இல்லை. பிரிட்டனில் இன்னும் வாக்குச்சீட்டுதான். பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுப் பெட்டியில் போடுவார்கள். எண்ணியதிலும் தப்பு இல்லை. கணக்கு முறையே அப்படித்தான்.

இந்த முறை நியாயமா என்ற கேள்வி அங்கே ரொம்ப காலமாக இருக்கிறது. குறிப்பாக, யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காத 'தொங்கு நாடாளுமன்றம்' வரும்போதெல்லாம் அது பெரிதாக வெடிக்கும். ஏன் என்று கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

தொங்கு நாடாளுமன்றம் என்றால் என்ன?

பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மக்களவையில் 650 இடங்கள். பாதியைத் தாண்ட 326 வேண்டும். எந்தக் கட்சியும் தனியாக இதைத் தொடாவிட்டால் அது தொங்கு நாடாளுமன்றம்.

நடைமுறையில் 326-க்கும் சற்றுக் குறைவாக இருந்தாலே போதும். சபாநாயகர் வழக்கமாக வாக்களிப்பதில்லை. வடக்கு அயர்லாந்தின் சின் ஃபெய்ன் கட்சியினர் ஜெயித்தாலும், மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டோம் என்று அவைக்கே வருவதில்லை. 2017-ல் அவர்கள் 7 பேர். அதனால் அந்த அவையில் நிஜமான 'மேஜிக் நம்பர்' சுமார் 322 ஆக இருந்தது.

சரி, யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அப்போ யாரை முதலில் கூப்பிடுவார்கள்?

நம்ம ஊரில் இந்த நேரத்தில் எல்லாக் கண்ணும் ஆளுநர் மாளிகையையோ குடியரசுத் தலைவர் மாளிகையையோ பார்க்கும். பிரிட்டனில் மன்னரை இந்தச் சண்டைக்குள் இழுக்கக் கூடாது என்பது மரபு. யார் யாரோடு சேர்வது என்பதைக் கட்சிகளே பேசி முடிக்க வேண்டும். அதுவரை பழைய பிரதமரே பதவியில் தொடர்வார். அதிக இடம் பிடித்த கட்சிக்குத்தான் முதல் வாய்ப்பு என்று எந்தச் சட்டமும் கிடையாது. அவையின் நம்பிக்கை யாருக்கு இருக்கிறதோ அவர் பிரதமர். அவ்வளவுதான்.

1923 டிசம்பர் தேர்தல் இதற்கு நல்ல உதாரணம். கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 258 இடங்கள், தொழிலாளர் கட்சிக்கு 191, லிபரல் கட்சிக்கு 158. முதலிடத்தில் இருந்த கன்சர்வேட்டிவ் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வின் அவையைச் சந்தித்தார். 1924 ஜனவரியில் வாக்கெடுப்பில் தோற்றார். இரண்டாம் இடத்தில் இருந்த ராம்சே மெக்டொனால்ட், தொழிலாளர் கட்சியின் முதல் பிரதமர் ஆனார்.

2010-ல் நடந்தது இன்னும் பலருக்கு நினைவிருக்கும். மே 6 தேர்தலில் டேவிட் கேமரூனின் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 306, கார்டன் பிரவுனின் தொழிலாளர் கட்சிக்கு 258, நிக் கிளெக்கின் லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 57. தோற்ற பிரதமர் ஏன் இன்னும் வீட்டைக் காலி பண்ணவில்லை என்று பிரவுனைக் கேலி செய்தார்கள். உண்மையில் அவர் மரபைத்தான் பின்பற்றினார். ஐந்து நாட்கள் பேச்சுவார்த்தை நடந்தது. மே 11 மாலை அவர் ராஜினாமா செய்ய, கேமரூனும் கிளெக்கும் கூட்டணி ஆட்சி அமைத்தார்கள்.

இந்த இழுபறியைப் புரிந்துகொள்ள, அதற்கு அடியில் இருக்கும் வாக்கு முறையைப் புரிந்துகொள்ள வேண்டும்.

முந்தியவருக்கே எல்லாம்

பிரிட்டனில் இருப்பது 'ஃபர்ஸ்ட் பாஸ்ட் தி போஸ்ட்' முறை. குதிரைப் பந்தயம் மாதிரி: கோட்டை யார் முதலில் தொடுகிறாரோ அவர் ஜெயித்தார். எத்தனை சதவீதம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். தொகுதியில் மற்ற வேட்பாளர்களைவிட ஒரே ஒரு வாக்கு கூடுதலாக இருந்தால் போதும்.

இரண்டே கட்சிகள் மோதும்போது இது பெரிய பிரச்சினை இல்லை. 1951-ல் தொழிலாளர், கன்சர்வேட்டிவ் இரண்டும் சேர்ந்து சுமார் 97 சதவீத வாக்குகளை வாங்கின. அப்போது ஜெயித்தவர் பெரும்பாலும் பாதிக்குப் பக்கத்தில் வாக்கு வாங்கியவராகத்தான் இருப்பார். 2024-ல் இந்த இரண்டு கட்சிகளும் சேர்ந்து வாங்கியது 57 சதவீதம்தான். இரண்டு குதிரைக்குப் போட்ட மைதானத்தில் இப்போது ஐந்தாறு குதிரைகள் ஓடுகின்றன.

விளைவை ஒரே தொகுதியில் பார்க்கலாம். இங்கிலாந்தின் சவுத் வெஸ்ட் நார்ஃபோக். முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ்ஸின் கோட்டை. 2019-ல் அவர் அங்கே 26 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தவர். 2024-ல் தொழிலாளர் கட்சி வேட்பாளரிடம் 630 வாக்குகளில் தோற்றார். ஜெயித்தவர் வாங்கியது 26.7 சதவீதம். அதாவது நூறு பேர் வாக்களித்தால் அதில் 73 பேர் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் அந்தத் தொகுதி மொத்தத்துக்கும் அவர்தான் எம்.பி.

ஒரு எம்.பி.-க்கு எத்தனை வாக்கு?

இதையே 650 தொகுதிகளுக்கும் பெருக்கினால் 2024 முடிவு இப்படி வருகிறது:

தொழிலாளர் கட்சி: 97 லட்சம் வாக்குகள், 411 இடங்கள். ஒரு எம்.பி.-க்கு சுமார் 23,600 வாக்குகள்.

லிபரல் டெமாக்ரட்: 35 லட்சம் வாக்குகள், 72 இடங்கள். ஒரு எம்.பி.-க்கு சுமார் 49,000.

கன்சர்வேட்டிவ்: 68 லட்சம் வாக்குகள், 121 இடங்கள். ஒரு எம்.பி.-க்கு சுமார் 56,000.

ரிஃபார்ம் யுகே: 41 லட்சம் வாக்குகள், 5 இடங்கள். ஒரு எம்.பி.-க்கு 8 லட்சத்துக்கும் மேல்!

லிபரல் டெமாக்ரட் கட்சியைவிட ரிஃபார்ம் 6 லட்சம் வாக்குகள் அதிகம் வாங்கியது. இடங்களோ 67 குறைவு. காரணம், வாக்கு எங்கே விழுகிறது என்பதுதான். லிபரல் டெமாக்ரட் தனக்கு வாய்ப்புள்ள தொகுதிகளைத் தேர்ந்தெடுத்து அங்கே மட்டும் உழைத்தது. ரிஃபார்ம் கட்சியின் வாக்கு நாடு முழுக்கப் பரவிக் கிடந்தது. இந்த முறையில் 600 தொகுதிகளில் இரண்டாவதாக வந்தாலும் ஒரு இடம்கூடக் கிடையாது.

2015 இதைவிட மோசம். யுகிப் கட்சி 38 லட்சம் வாக்குகள் வாங்கி ஒரே ஒரு இடம் பிடித்தது. ஸ்காட்லாந்தில் மட்டும் போட்டியிட்ட எஸ்.என்.பி. 14.5 லட்சம் வாக்குகளுக்கு 56 இடங்களை அள்ளியது. அங்கே மொத்தமே 59 தொகுதிகள்தான். சரிபாதி வாக்குக்கு கிட்டத்தட்ட முழு ஸ்காட்லாந்தும் அவர்கள் கையில்.

1983-ல் லிபரல்-எஸ்.டி.பி. கூட்டணி வாங்கியது 25 சதவீத வாக்கு, 23 இடங்கள். தொழிலாளர் கட்சி அதைவிட இரண்டே சதவீதம் அதிகம் வாங்கியது, 209 இடங்கள். அன்றைக்கு நடுநிலைக் கட்சிக்கு நடந்ததுதான் 2015-லும் 2024-லும் வலதுசாரிக் கட்சிகளுக்கு நடந்தது. ஆகவே இது ஒரு குறிப்பிட்ட கொள்கைக்கு எதிரான சதி இல்லை. பரவலாக ஆதரவு இருந்தும் எங்கேயும் குவியாத எல்லாருக்கும் இதே கதிதான்.

அதிக வாக்கு வாங்கியும் தோற்கலாமா?

தோற்கலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மட்டும் இரண்டு முறை நடந்திருக்கிறது.

1951-ல் தொழிலாளர் கட்சிக்கு 48.8 சதவீதம், கன்சர்வேட்டிவ் கட்சிக்கும் அதன் கூட்டாளிகளுக்கும் 48 சதவீதம். ஆனால் இடங்கள் 295-க்கு 321. வின்ஸ்டன் சர்ச்சில் மறுபடியும் பிரதமர் ஆனார்.

1974 பிப்ரவரியில் இதே அடி திருப்பி விழுந்தது. கன்சர்வேட்டிவ் 37.9 சதவீதம், 297 இடங்கள். தொழிலாளர் கட்சி 37.2 சதவீதம், 301 இடங்கள். தொங்கு நாடாளுமன்றம். பிரதமர் எட்வர்ட் ஹீத் லிபரல் கட்சியோடு பேசிப் பார்த்தார், படியவில்லை. ஹெரால்ட் வில்சன் சிறுபான்மை அரசு அமைத்தார். அந்தத் தேர்தலில் 60 லட்சம் பேர் லிபரல் கட்சிக்கு வாக்களித்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது 14 எம்.பி.-க்கள்.

'ஆனா, நிலையான ஆட்சி கிடைக்குமே?'

இந்த முறையை ஆதரிப்பவர்களின் முக்கிய வாதம் இதுதான். அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு எம்.பி., குறை சொல்ல ஒரு முகம். பிடிக்காத அரசை ஒரே இரவில் மொத்தமாகத் துடைத்து எறியலாம். எண்ணுவதும் சுலபம், புரிவதும் சுலபம். வாக்குக்கும் இடத்துக்கும் பொருத்தம் இல்லாமல் போனாலும், பதிலுக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைக்கிறதே என்பார்கள்.

அந்தத் தெளிவு நிஜமாகவே கிடைத்ததா? கடைசி 15 வருடக் கதையைச் சரிபார்ப்போம்.

2010-ல் தொங்கு நாடாளுமன்றம். இது ஆறு மாதம்கூடத் தாங்காது என்று பலர் சொன்னார்கள். கூட்டணி அரசு முழுதாக ஐந்து வருடம் ஓடியது. ஒரே பிரதமர்.

2015-ல் கேமரூனுக்குத் தனிப் பெரும்பான்மை. அடுத்த வருடமே பிரெக்ஸிட் வாக்கெடுப்பில் தோற்று ராஜினாமா செய்தார்.

2017-ல் பெரும்பான்மையை இன்னும் பெருக்கிக்கொள்ளலாம் என்று தெரசா மே முன்கூட்டியே தேர்தல் நடத்தினார். இருந்ததும் போனது. வடக்கு அயர்லாந்தின் டி.யு.பி. கட்சியின் 10 எம்.பி.-க்கள் வெளியிலிருந்து ஆதரவு தந்தார்கள். அந்த ஒப்பந்தத்தின்படி வடக்கு அயர்லாந்துக்கு 100 கோடி பவுண்ட் கூடுதல் நிதி போனது. டி.யு.பி. வாங்கிய வாக்கு நாட்டளவில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதன் பிறகு மே அரசு தடுமாறியது. 2019 ஜனவரியில் அவருடைய பிரெக்ஸிட் ஒப்பந்தம் 202-க்கு 432 என்ற கணக்கில் மண்ணைக் கவ்வியது.

2019-ல் போரிஸ் ஜான்சனுக்கு 365 இடங்கள், கல்லு மாதிரி பெரும்பான்மை. அதே நாடாளுமன்றக் காலத்தில் நாடு மூன்று பிரதமர்களைப் பார்த்தது: ஜான்சன், டிரஸ், ரிஷி சுனக். டிரஸ் இருந்தது ஏழே வாரம்.

ஆக, தொங்கு நாடாளுமன்றம் ஒரு முறை நிலையான ஆட்சி தந்தது, ஒரு முறை முட்டுச்சந்தில் நின்றது. பெரும்பான்மை கிடைத்தபோதும் கட்சிக்குள்ளேயே நாற்காலிச் சண்டை நடந்தது. பெரும்பான்மை இருந்தால் நிலையான ஆட்சி என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நியாயத்தை விட்டுக்கொடுத்து வாங்குவதாகச் சொல்லும் சரக்கு, கடையிலேயே எப்போதும் ஸ்டாக் இல்லை என்பதுதான் நிலைமை.

மாற்று என்ன?

விகிதாசாரப் பிரதிநிதித்துவம். எத்தனை சதவீத வாக்கோ, கிட்டத்தட்ட அத்தனை சதவீத இடம். இதற்குப் பிரிட்டன் வெளிநாடு போக வேண்டியதே இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் 129 பேரில் 73 பேர் தொகுதியிலிருந்தும், 56 பேர் சமநிலைப்படுத்தும் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். வடக்கு அயர்லாந்து சட்டமன்றத்தில் வேட்பாளர்களுக்கு 1, 2, 3 என்று விருப்ப வரிசை போடுகிறார்கள். வேல்ஸ் 2026 தேர்தலிலிருந்து முழுக்கப் பட்டியல் முறைக்கு மாறுகிறது.

இதே பிரிட்டிஷ் முறையைப் பின்பற்றிய நியூசிலாந்து மாறியே விட்டது. அங்கே 1978, 1981 இரண்டு தேர்தல்களிலும் குறைவான வாக்கு வாங்கிய கட்சி ஆட்சியைப் பிடித்தது. கடுப்பான மக்கள் 1993-ல் வாக்கெடுப்பில் கலப்பு விகிதாசார முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். 2011-ல் மறுபடி கேட்டபோதும் அதுவே இருக்கட்டும் என்றார்கள்.

ஆனால் விகிதாசார முறையும் இலவசம் இல்லை. அதில் கூட்டணி என்பது விதிவிலக்கு இல்லை, வழக்கம். கூட்டணி என்றால் வாக்குறுதிகளைப் பேரம் பேச வேண்டும். 2010-ல் கல்லூரிக் கட்டணத்தை உயர்த்த விட மாட்டோம் என்று லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஆட்சிக்குள் போன சில மாதங்களிலேயே இங்கிலாந்தில் கட்டண உச்சவரம்பு கிட்டத்தட்ட மூன்று மடங்காகி 9,000 பவுண்ட் ஆனது. நம்பி வாக்களித்த மாணவர்கள் மன்னிக்கவில்லை. 2015-ல் அந்தக் கட்சி 57-லிருந்து 8 இடங்களுக்குச் சுருங்கியது.

இன்னொன்று. நியாயமான முறை நமக்குப் பிடிக்காதவர்களுக்கும் நியாயமாக இருக்கும். 2024 வாக்குகளை அப்படியே விகிதாசாரமாகப் பிரித்தால் ரிஃபார்ம் கட்சிக்கு 5 இடங்களுக்குப் பதில் 90-க்கும் மேல் வரும். அதை ஏற்கத் தயாரா என்பது முறையை எதிர்க்கும் எல்லாரும் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அப்புறம் ஏன் மாறவில்லை?

மாற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? ஜெயித்தவரிடம். ஜெயிக்க வைத்த ஏணியை யார் உதைப்பார்கள்?

ஒரு முறை கதவு லேசாகத் திறந்தது. 2010 கூட்டணிக்கு விலையாக லிபரல் டெமாக்ரட் கட்சி 2011 மே 5-ல் ஒரு பொது வாக்கெடுப்பை வாங்கியது. ஆனால் மேஜையில் வந்தது விகிதாசார முறை இல்லை; ஒரே தொகுதியில் விருப்ப வரிசை போடும் 'மாற்று வாக்கு' முறை மட்டும். மக்களில் 42 சதவீதம் பேர்தான் வாக்களிக்க வந்தார்கள். வந்தவர்களில் 68 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அதைக் காட்டியே விவாதத்தைப் பல வருடம் மூடி வைத்தார்கள்.

2022-ல் தொழிலாளர் கட்சி மாநாடு விகிதாசார முறைக்கு ஆதரவாகத் தீர்மானம் போட்டது. 2024 தேர்தல் அறிக்கையில் அது இடம்பெறவில்லை. 2024 டிசம்பரில் லிபரல் டெமாக்ரட் எம்.பி. சாரா ஓல்னி கொண்டுவந்த மசோதாவுக்கு அறிமுக நிலையில் 138 பேர் ஆதரவு, 136 பேர் எதிர்ப்பு. அரசு ஆதரவு இல்லாத மசோதா என்பதால் அது சட்டமாகும் வழி இல்லை.

ஆளும் கட்சி இதில் ஒரு ஆபத்தையும் சுமக்கிறது. 34 சதவீதத்துக்கு 411 இடங்கள் கொடுக்கும் இயந்திரம் நாளை 30 சதவீதம் வாங்கும் இன்னொருவருக்கும் அதே வேலையைச் செய்யும். 2025 மே மாதம் இங்கிலாந்து உள்ளாட்சித் தேர்தலில் அதிக இடங்களைப் பிடித்தது ரிஃபார்ம் யுகே. நேற்று இந்த முறையால் அடிவாங்கிய கட்சி, நாளை இதே முறையால் ஆட்சிக்கே வரலாம்.

இதில் நமக்கு என்ன?

இந்தியா மக்களவைக்கு எடுத்துக்கொண்டதும் இதே முறையைத்தான். விகிதாசார முறை வேண்டும் என்ற கோரிக்கை அரசியல் நிர்ணய சபையில் எழுந்து, நிராகரிக்கப்பட்டது. 2014-ல் பா.ஜ.க. 31 சதவீத வாக்குக்கு 282 இடங்கள் பெற்றது. நாட்டளவில் வாக்கு எண்ணிக்கையில் மூன்றாம் இடம் பிடித்த பகுஜன் சமாஜ் கட்சிக்குப் பூஜ்ஜியம். அதே தேர்தலில் தமிழ்நாட்டில் சுமார் 44 சதவீத வாக்குக்கு அ.தி.மு.க. 37 இடங்களை அள்ள, 23 சதவீதத்துக்கும் மேல் வாங்கிய தி.மு.க. ஒரு இடம்கூடப் பிடிக்கவில்லை.

இன்னொரு தொடர்பு நேரடியானது. பிரிட்டனில் சட்டப்படி வசிக்கும் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் அங்கே பொதுத் தேர்தலில் வாக்களிக்கலாம். இந்தியா, இலங்கை, மலேசியா எல்லாம் இதில் வரும். வேலைக்கோ படிப்புக்கோ லண்டன், மான்செஸ்டர் போயிருக்கும் உங்கள் நண்பர் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருக்க வேண்டியதில்லை. வாக்காளராகப் பதிவு செய்தால் போதும். வாக்குச்சாவடியில் கேட்கும் அடையாள அட்டைக்கு நம்ம பாஸ்போர்ட்டே செல்லும்.

அவர் போடும் அந்த ஒரு பெருக்கல் குறிக்கு எவ்வளவு மதிப்பு என்பது, அவர் யாருக்குப் போடுகிறார் என்பதைவிட எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பதைப் பொறுத்தே இருக்கும். இழுபறித் தொகுதி என்றால் அவர் வீட்டுக் கதவை எல்லாக் கட்சியும் தட்டும். ஏதாவது ஒரு கட்சியின் கோட்டை என்றால் ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்த முறை பிரிட்டன் ரிசல்ட் ஸ்க்ரோலில் ஓடும்போது இடங்களின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், பக்கத்தில் இருக்கும் வாக்கு சதவீதத்தையும் பாருங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளியோ, அத்தனை பேரின் வாக்கு எண்ணப்பட்டும் கணக்கில் வராமல் போயிருக்கிறது.